வாளியில் வந்த ஆமை

காலை 8.10. திருமுல்லைவாயிலில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள சின்ன ஏரியைப் பொக்லைன் தூர்வாரிக்கொண்டிருந்தது. கரையில் கொட்டிய சேற்றில் ஓர் ஆமை கிடந்தது. ஓட்டில் விரிசல், கால் மட்டும் அசைந்தது. வனத்துறையை அழைத்தேன். "அனுப்ப ஆள் இல்லம்மா, நீங்களே கொண்டாந்துடுங்க" என்றார்கள். அலுவலகம் பூந்தமல்லிக்கு அப்பால், பதினாறு கிலோமீட்டர். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நானூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன்.

ஓட்டுநர் சேகர் என் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "மேடம், உசுரோடவா கீது?"

"இருக்குண்ணா."

"அப்ப பள்ளம் பாத்து ஓட்றேன்."

ஆவடி சிக்னலில் இருபது நிமிடம் நின்றோம். பருத்திப்பட்டு தாண்டியதும் தண்ணீர் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். வாளியை மடியில் வைத்து, ஈரத்துணி காயாமல் பார்த்துக்கொண்டேன்.

9.50. அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தினி நாளா வளக்குறீங்க?"

"வளர்க்கல சார். ஏரியில தோண்டிப் போட்டாங்க."

"பாதுகாக்கப்பட்ட இனம். வெச்சிருந்தாலே கேஸ் ஆவும்."

இரும்புக் கையால் அதன் ஓட்டைப் பிளந்தவரை விட்டுவிட்டு, துணி நனைத்துக் கொண்டுவந்தவளிடம் விசாரணை. "உள்ள இன்னும் நிறைய இருக்கும் சார், வேலையை நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

"அது வேற டிபார்ட்மெண்ட் வேலை. எங்களக் கேட்டா செய்றாங்க?"

அவர் நீட்டிய படிவத்தில் 'வைத்திருந்த விலங்கை ஒப்படைக்கிறேன்' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, 'அரசுப் பணியில் ஓடு உடைந்த ஆமை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் முகம் சுருங்கியது.

பின்கட்டில், தினக்கூலிக்கு வேலை பார்க்கும் காவலர் முருகேசன் ஆமையைக் கழுவி மருந்து தடவினார். "பொழச்சிக்கும்மா" என்றவர், வாசல் வரை என்னுடன் நடந்து வந்தார். "நிறுத்துற அதிகாரம் எனக்குக் கெடையாது. ஆனா இந்தக் காக்கிச் சட்டையப் பாத்தா கொஞ்ச நேரம் நிறுத்துவாங்க. கூட வரட்டா?"

11.40. காத்திருந்த சேகரின் ஆட்டோவில் ஏரிக்குத் திரும்பினோம். காக்கியைப் பார்த்ததும் பொக்லைனை நிறுத்தினார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருக்க, முருகேசனும் சேகரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். நானும் இறங்கித் துழாவினேன். பதினோரு ஆமைகள் கிடைத்தன. மூன்று செத்திருந்தன. ஒன்றை நான் கல் என்று நினைத்துத் தூக்கினேன், பாதிதான் வந்தது.

அப்போது முருகேசனின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். "சரி சார், சரி சார்" என்றார்.

"இன்னா சொன்னாரு?" என்றார் சேகர்.

"சொல்லாம வந்துட்டேனாம். இன்னிக்கிக் கூலி கெடையாது." உயிரோடிருந்த எட்டு ஆமைகளையும் கோணிகளில் ஈரப்படுத்திக் கட்டி, சேகரின் ஆட்டோவில் ஏற்றி, முருகேசன் பூந்தமல்லிக்கே திரும்பினார்.

12.20க்குப் பொக்லைன் மறுபடி இயங்கியது.

மாலையில் மேலிடத்துக்குப் புகார் எழுதினேன். கடைசி வரியை நாலு முறை திருத்தி, கடைசியில் நடந்ததையே எழுதினேன்: எங்கள் ஏரிக்கு வனத்துறை நாற்பது நிமிடம் வந்திருந்தது. அதற்கான செலவு, ஒரு தினக்கூலிக்காரரின் ஒருநாள் கூலி.