கத்தி பட்டதனால் அல்ல

பாலமுனை நளீம் நெல் வெட்டும் மெஷின் ஓட்டுபவர். மனைவி நதீராவின் மார்பில் கட்டி கண்டபோது அவள் சத்திரசிகிச்சைக்குப் பயந்தாள். "பயப்படாத, வெட்டி எடுத்தாச் சரியாப் போகும்" என்று கூட்டிப்போனவர் நளீம்தான்.

இரண்டு வருடம் நன்றாக இருந்தாள். பிறகு முதுகு வலித்தது. புற்றுநோய் முள்ளந்தண்டிலும் ஈரலிலும் பரவிவிட்டதாகச் சொன்னார்கள்.

நதீராவின் அக்கா ஹாஜறா ராத்தா குசினியில் சமைத்தபடி யாரிடமோ கதைத்தது நளீமின் காதில் விழுந்தது. "கத்தி படாம இருந்தா அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். வெட்டினதாலதான் பரவின."

அவருக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. வயலுக்குப் போனார், கொடுத்ததைச் சாப்பிட்டார்.

அடுத்த கிளினிக் நாளில் டொக்டர் முஸ்பிறாவிடம் கேட்டார். "வெட்டினதாலயா பரவின?"

"இல்ல காக்கா" என்று ஓர் அண்ணனிடம் போலப் பேசியவள், அவரை உட்காரச் சொன்னாள். அவள் ஆராய்ச்சி செய்வதும் இதைப் பற்றித்தான். "உடம்புல ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் மைக்ரோ ஆர்.என்.ஏ. எண்டு கண்ணுக்குத் தெரியாத, மிச்சம் சின்னப் பொருள் இருக்கு. எந்த மரபணு அடங்கி இருக்கணும் எண்டு அதுகள்தான் பாத்துக்கும். சிலது, கலத்தப் பக்கத்துக் கலத்தோட ஒட்டி இருக்க வைக்கும். அது குறைஞ்சா புற்றுநோய்க் கலம் கழண்டு இரத்தத்தோட போயிரும். வேற சிலது கூடினாலும் பரவும். நாங்க வெட்ட முதலே அந்தக் கலம் போயிருக்கும்."

"அதுக்கு மருந்து?"

"இன்னும் வரல்ல. ஆராய்ச்சிக்கு அவங்கட இரத்தம் கொஞ்சம் தருவீங்களா? அவங்களுக்கு இதால பலனில்ல."

நளீம் வெளியே காத்திருந்த நதீராவிடம் போய்க் கேட்டார்.

"எனக்கு உதவுமா?"

"இல்லையாம்."

"பரவாயில்ல, எடுக்கட்டும்" என்று கையை நீட்டினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார். "வெட்டினதால இல்லையாம்."

"நான் அப்பிடி நினைக்கவே இல்லையே. ராத்தா கதைச்சதக் கேட்டுட்டீங்களா?"

"ஓம்."

அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மனம் இலேசாகும் என்று நினைத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

நோன்புக்கு முன்பே நதீரா மௌத்தானாள். ஜனாஸா அடக்க வேலைகளையெல்லாம் நளீம் ஒழுங்காகச் செய்தார். பார்த்தவர்கள் கல்மனம் என்றார்கள்.

சில மாதங்களின் பின் ஹாஜறா வந்து வாசலில் நின்றாள். "மச்சான், எனக்கும் கட்டியாம். வெட்டணுமாம். பயமாக் கிடக்கு."

டொக்டர் சொன்னதை அவர் ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். ஹாஜறா தலையைக் குனிந்தபடி கேட்டாள்.

"நான் அண்டைக்குக் கதைச்சது..."

"அத விடுங்க மதினி. எப்ப வரச் சொன்னாங்க?"

அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனவரும் அவர்தான். ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே யாரோ தேநீர் கொடுத்தார்கள். குடித்தார். சீனி போட்டிருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.