ஞானஜோதி அக்காவின் மூக்கும் ஈட்டி மேசையும்

எங்கள் இடுக்கி ஏலமலையில், ஆனைக்கரையில் பழைய அலமாரியோ மேசையோ வாங்கப் போகிறவன் ஞானஜோதி அக்காவைக் கூட்டிக்கொண்டுதான் போவான். கூட்டிப்போகிற ஜீப் பெரும்பாலும் என்னுடையது. அதனால் அவள் சாமான் பார்க்கிற விதம் எனக்கு மனப்பாடம்.

முன்பக்கத்தை முதலில் பார்க்கவே மாட்டாள். சுவரிலிருந்து நகர்த்தச் சொல்லி முதுகுப் பலகையைப் பார்ப்பாள். முன்னால் விலைகூடிய ஈட்டி மரம், முதுகில் பழப்பெட்டிப் பலகை என்றால் பேசாமல் ஜீப்பில் வந்து ஏறிக்கொள்வாள். டிராயரை முழுதாக உருவிக் கவிழ்ப்பாள். மூலையில் பலகைகள் கைவிரல் கோத்தமாதிரி ஒன்றுக்குள் ஒன்று பிணைந்திருக்க வேண்டும். ஆணித்தலை தெரிந்தால், "இத வெள்ளைக்காரன் செஞ்சானாக்கும்? எந்த வெள்ளைக்காரன், நம்ம சந்தை முக்குல இருக்கவனா?" என்று கடைக்காரனைக் கேட்பாள்.

கடைசியாகத் தலையை உள்ளே விட்டு முகர்வாள். அதுதான் தீர்ப்பு. எலி குடியிருந்தது, மழையில் நனைந்து காய்ந்தது, கறையான் அரித்த இடத்தில் மெழுகு அடைத்தது எல்லாம் மூக்கிலேயே தெரியும். ஒருதரம் ஒரு தேக்கு அலமாரியை முகர்ந்துவிட்டு, "இது முட்டுவலிக்காரன் ஊட்டு அலமாரி. தைலப் புட்டி இந்த மூலையில இருந்திருக்கு" என்றாள். விற்க வந்தவன் வாயைப் பிளந்துவிட்டான். அவனுடைய அப்பா முட்டுவலியோடு பத்து வருஷம் கிடந்து செத்தவராம்.

அந்த மூக்கு ஏலக்காயால் வந்தது. வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், அதாவது கூலியாட்களின் வரிசை வீட்டில், பிறந்தவள் அக்கா. அப்பா தென்காசிப் பக்கத்து ஆள். நாலாம் வகுப்போடு காய் எடுக்கப் போனாள். பிறகு ஸ்டோரில், அதாவது பச்சைக்காயை உலர்த்துகிற கட்டடத்தில், முப்பது வருஷம். காய் போதுமான அளவு காய்ந்ததா, புகை ஏறிவிட்டதா என்று சூப்பர்வைசர் அவளைத்தான் கேட்பார். ஒரு பிடி அள்ளி முகர்ந்து சொல்வாள். கட்டியவன் திருப்பூருக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அதைப்பற்றிக் கேட்டால், "அவன் வாடை எனக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கணும்" என்று சிரிப்பாள்.

எஸ்டேட்டுகள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது பங்களாச் சாமான்களும் ஆபீஸ் சாமான்களும் வெளியே வந்தன. அப்போதுதான் ஆட்கள் அவளைத் தேட ஆரம்பித்தார்கள். அவள் வீட்டில் மட்டும் மர அலமாரி கிடையாது. ஒரு தகரப் பெட்டி, துணிக்கு ஒரு கயிறு.

இந்த வருஷம் என் முறை வந்தது. மகள் ஜிபி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண்பிள்ளை. மூன்றாம் மாதம் ஞானஸ்நானம் முடித்துத் தாயையும் பிள்ளையையும் மாப்பிள்ளை ஜின்சன் வீட்டுக்கு அனுப்பும்போது, கூடவே ஒரு நல்ல மரச்சாமான் போகவேண்டும். அது எங்கள் ஆட்கள் வழக்கம். ஜிபி அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறவள்.

"அப்பா, அலமாரி வேண்டாம். டிராயர் வச்ச பழைய எழுத்து மேசை வாங்குங்க. மேல நான் படிப்பேன், கீழ குட்டியோட உடுப்பு வைப்பேன்" என்றாள்.

பழைய சாமான் கடை வைத்திருக்கும் ரிஜினிடம் அப்படி ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் மும்மூன்று டிராயர், பித்தளைப் பிடி, கறுத்து மின்னுகிற ஈட்டி. அக்கா முதுகைப் பார்த்தாள், ஈட்டிதான். மூலையைப் பார்த்தாள், கைவேலைதான். அடி டிராயரை உருவியவள் நின்றாள்.

"ஏன்டா ரிஜினு, உள்ளுக்குள்ள எதுக்குப் பாலிஷு? டிராயர் உள்ள எவனாவது பாலிஷ் போடுவானா?"

"பூச்சி அரிக்காம இருக்கத்தான் சேச்சி. வேணும்னா மோந்து பாத்துக்கோங்க. உங்க மூக்க ஏமாத்த முடியுமா?"

அக்கா தலையை உள்ளே விட்டாள். வழக்கத்தைவிட நிறைய நேரம் அப்படியே இருந்தாள். "என்னக்கா, உள்ளயே தூங்கிட்டியா?" என்று நான் கேட்டேன். வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நல்ல சாமான். எடுத்துக்க மத்தியாசு."

எடுத்தேன்.

அனுப்பும்வரை கிடக்கட்டும் என்று மேசையை ஜிபி அறையில் போட்டோம்; பிள்ளையின் துணியெல்லாம் அடி டிராயருக்குப் போனது. பத்து நாள் போனது. ஜிபிக்குத் தலைவலி வந்தது. ராத்தூக்கம் இல்லாததால் என்று என் மனைவி சொன்னாள். பிள்ளைக்கு வாயில் எச்சில் வழிந்தது. பல் முளைக்கிற வயசா இது என்று சிரித்தோம். பதினோராம் நாள் மத்தியானம் பிள்ளை பால் குடிக்கவில்லை. கையைத் தூக்கினால் துணிபோலத் தொப்பென்று விழுந்தது. மூச்சு கரகரத்தது. கீழே ஆஸ்பத்திரிவரை ஜீப்பை எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா சின்ன வயசு. ஆலப்புழைப் பக்கத்துக்காரர், வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளையின் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். ஊசி போட்டார்கள், குழாய் வைத்தார்கள். பிறகு வெளியே வந்து கேட்டார்.

"வீட்டுல மருந்து அடிச்சீங்களா?"

மருந்து என்றால் எங்கள் ஊரில் ஏலத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்துதான்.

"மருந்தடிக்காத ஊடு இங்க ஏது டாக்டர்? சுத்தியும் தோட்டம்."

அவர் பிள்ளையைச் சுற்றியிருந்த துவாலையை என் முன்னால் நீட்டினார். "இதுல அடிக்குதே வாடை. உங்களுக்குத் தெரியலையா?"

முகர்ந்தேன். ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு வாடைதான் இருந்தது.

"இதுதான் மருந்து வாடை" என்றார் அவர். "நீங்க இதுலயே இருக்கீங்க, அதான் தெரியல. இந்தத் துணி எங்க இருந்துச்சு?"

ஜிபி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "மேசை டிராயர்ல" என்றாள். நான் வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூன்றாம் நாள் காலை பிள்ளை அழுதது. நல்ல அழுகை. பால் குடித்தது. இனி பயமில்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அடித்தது பாருங்கள் ஒரு வாடை. இரண்டு நாள் வெளிக்காற்றில் இருந்த மூக்குக்கு அது தெரிந்தது. அடி டிராயரை உருவி அரத்தால் பாலிஷைச் சுரண்டினேன். பாலிஷுக்குக் கீழே பலகை பச்சையாக ஊறியிருந்தது. புட்டிகளின் அடித்தடம் வட்டம் வட்டமாக இருந்தது. எந்த எஸ்டேட்டிலோ மருந்து அறைக் கணக்கனின் மேசை அது.

ரிஜினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜீப்பை நேராக அக்கா வீட்டுக்கு விட்டேன்.

அக்கா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "பிள்ள எப்படி இருக்கான் மத்தியாசு? நேத்துதான் கேள்விப்பட்டேன்" என்று ஓடிவந்தாள்.

"உன் வாயால கேக்காத! மோந்துட்டு நல்ல சாமான்னு சொன்னியே, என்னத்த மோந்த?"

அவள் பதில் சொல்வதற்குள் என் மூக்கில் வேறொன்று ஏறியது. அடுக்களையிலிருந்து கரும்புகை வந்தது.

"ஊட்டுக்குள்ள என்ன கருகுது?" என்றேன்.

"கருகுதா?" என்றாள்.

உண்மையாகவே கேட்டாள். அவளுக்கும் வாசலுக்கும் நாலடி தூரம்தான். கருவாடு தீய்ந்து தெருவே நாறியது. அவள் ஓடிப்போய்ச் சட்டியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாள். நான் ஜீப்பில் கிடந்த பிள்ளையின் துவாலையை எடுத்து அவள் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"இதுல என்ன வாடை? சொல்லு."

முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு விடை அதில் இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தாள். கடையில் ரிஜின் முகத்தையும் அப்படித்தான் பார்த்திருப்பாள் போல.

"மூக்கு செத்து நாலு வருஷமாச்சுலே. அந்தக் கொரோனாக் காய்ச்சல்ல போனது, திரும்ப வரல."

"நாலு வருஷமா?"

"எல்லாருக்கும் திரும்ப வந்துச்சுன்னாங்க. எனக்கும் வரும் வரும்னு பாத்தேன்."

"அப்ப இவ்வளவு நாள் தலைய உள்ள விட்டு என்ன செஞ்ச நீ?"

"கண்ணாலயும் கையாலயும் பாத்தேன். அதுவே போதும்னு நினைச்சேன். உள்ள பாலிஷ் போட்டது தப்புன்னு எனக்குத் தெரியும் மத்தியாசு. தெரிஞ்சும்தான் சொன்னேன். மோந்து பாருன்னு அவன் உன் முன்னாலயே சொல்லிட்டான். தெரியலன்னு எப்படிச் சொல்ல?" அவள் திண்ணையில் உட்கார்ந்தாள். "லயத்துல கெடந்தவள பங்களாவுல நாற்காலி போட்டு உக்கார வச்சது அந்த மூக்குதான். அது போச்சுன்னு சொன்னா என்னைய யாருலே கூப்பிடுவா?"

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன். ஓங்கிய கையோடு நின்றேன். என் வீட்டு வாடை எனக்கே தெரியாமல் பதினோரு நாள் அந்த மேசையிலிருந்துதான் பிள்ளைத்துணி எடுத்துக் கொடுத்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். "இந்த நாலு வருஷத்துல நான் பாத்துக் குடுத்தது எட்டு ஊடு. எல்லாம் ஞாபகம் இருக்கு. ஜீப்ப எடு."

"எதுக்கு?"

"நீ மோந்து பாக்கணும். ரெண்டு நாள் வெளிய இருந்த மூக்கு உனக்கு. நாளைக்குள்ள அதுவும் பழகிரும்."

முதல் வீட்டில் நம்பவில்லை. "அக்கா, தமாஷு பண்றீங்களா?" என்று காபி கொடுத்தார்கள். இரண்டாவது ஜீவிதா டீச்சர் வீடு. டீச்சர் அக்காவை உட்காரச் சொல்லவில்லை. மூன்றாவது வீட்டுக்காரன் தெருவில் நின்று கத்தினான். எல்லா வீட்டிலும் அக்கா தன் வாயாலேயே சொன்னாள்: "எனக்கு மூக்கு இல்ல. நான் பொய் சொல்லித்தான் பாத்துக் குடுத்தேன்." நான் போய் முகர்ந்தேன். மூன்றும் சுத்தம்.

நாலாவது, வண்டன்மேட்டில் பின்சி வீடு. ரிஜினிடம் வாங்கிய நாலடி அலமாரி, அடுக்களையில். கதவைத் திறந்தேன். அரிசி, பருப்பு, பிள்ளைகளுக்கான பிஸ்கட் டப்பா. நடுத்தட்டில் மூக்கை வைத்தவன் பின்னால் சாய்ந்துவிட்டேன். அதே வாடை.

என் முகத்தைப் பார்த்தே பின்சிக்கு விளங்கிவிட்டது.

"எங்க மாமியாருக்கு ஒன்றர வருஷமா கை நடுங்குது. எத்தன டாக்டர்ட்ட காட்டினோம்..." என்று ஆரம்பித்தவள் அக்கா பக்கம் திரும்பினாள். "இதுனாலயா? சொல்லுங்க, இதுனாலயா?"

"தெரியாது தாயி."

"எங்க ஊட்ட விட்டு வெளிய போ! போன்னா!"

அக்கா நகரவில்லை. "திட்டு. எவ்வளவு வேணாலும் திட்டு. ஆனா மொதல்ல அரிசிய வெளிய எடு."

பின்சி அசையாமல் நின்றாள். அக்காவே போய் அரிசி டின்னைத் தூக்கினாள். கனம் தாங்காமல் தள்ளாடினாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன். முற்றத்தில் கொட்டியதும் கோழிகள் ஓடிவந்தன. அக்கா அலறிக்கொண்டு விரட்டினாள், தென்னமட்டையால் அரிசியைச் சுற்றிச் சுற்றி அடித்து விரட்டினாள். ஒரு கோழியும் கொத்தாதபடி நான் மண்ணை வெட்டி மூடிய பிறகுதான் மட்டையைக் கீழே போட்டாள்.

பின்சியின் மாமியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தார். கம்பி கிடுகிடுவென்று சத்தம் போட்டது.

அக்கா ஜீப்பில் ஏறி அடுத்த வீட்டுக்காரர் பெயரைச் சொன்னாள்.