மாமாவிடம் கேட்காத கேள்வி

என் மாமனாருக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். ரப்பர் தோட்டத்தில் பால் லோரி ஓட்டிய காலத்தில் பழகிய சிகரெட்டை அவர் விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் நெஞ்சு கெட்டது கெட்டதுதான். கோத்தா திங்கி ஊரில் எங்கள் வீட்டில் பகல் முழுக்க நானும் அவரும் மட்டுமே. என் கணவர் சிங்கப்பூர் தொழிற்சாலை வேலைக்கு விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிப் போய்விடுவார்.

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடமாகியும் மாமாவும் நானும் நேராகப் பேசிக்கொண்டது குறைவு. சாப்பாடு ஆயிடுச்சு, மருந்து மேசைல இருக்கு, அவ்வளவுதான். அவர் ஹாலுக்கு வந்தால் நான் அடுப்பு வேலையென்று குசினிக்குப் போய்விடுவேன்.

கிளினிக் தாதி ஒரு தாளைக் கொடுத்து விளக்கினார். மூச்சிரைப்பு கூடி, சளியும் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கும் மாத்திரைகளை அன்றே தொடங்கி, கிளினிக்குக்கும் சொல்ல வேண்டும். பேச முடியாமல் திணறினால் நேராக மருத்துவமனை.

"தினமும் சளி என்ன கலர்னு கேளுங்க அக்கா," என்றார்.

தலையாட்டினேன். மாமாவிடம் போய் அதை எப்படிக் கேட்பது? அப்பாவிடம் கேட்கச் சொல்லிக் கணவருக்கு மெசேஜ் அனுப்புவேன். தொழிற்சாலையில் போனைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். பத்து மணி இடைவேளையில் பார்த்துவிட்டு அப்பாவை அழைப்பார். ஹாலில் மாமா சொல்வது குசினியில் எனக்குக் கேட்கும்.

"எல்லாம் நோர்மல் லா."

பிறகு அதே 'நோர்மல்' சிங்கப்பூரிலிருந்து என் போனுக்கு வரும். மாதக்கணக்கில் இப்படித்தான் நடந்தது.

ஒரு மழை வாரத்தில் மாமா குளியலறைக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெசேஜ் அனுப்பினேன். 'நோர்மல்' வந்தது. மறுநாள் காலை மேசை விளிம்பைப் பிடித்தபடி இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் திணறினார். ஆம்புலன்ஸை அழைத்தேன்.

சளி எத்தனை நாளாகப் பச்சை என்று டாக்டர் கேட்டபோது, மாமா என்னைப் பார்க்காமல் நான்கு விரலைக் காட்டினார். ஒன்பது நாள் வார்டில் இருந்தார். ஒவ்வொரு முறை இப்படி முற்றும்போதும் நுரையீரல் கொஞ்சம் போய்விடும், அது திரும்ப வராது என்றார் டாக்டர்.

"ஏம்பா எங்கிட்ட சொல்லல?" என்றார் கணவர்.

"மருமக குசினில நிக்குது. அது காதுல விழுற மாதிரி இதெல்லாமா பேசுவாங்க?"

நான் கட்டிலின் கால்பக்கம் நின்றிருந்தேன். அங்கிருந்து நகர்ந்து போகவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை, பாதிக் காப்பியில் கோப்பையைக் கீழே வைத்தார். மூச்சுக்குத் தோள்கள் ஏறி இறங்கின. கைத்துணியோடு ஹாலுக்குப் போனேன்.

"மாமா, சளி என்ன கலர்?"

அவர் டிவியைப் பார்த்தார். டிவி ஓடவில்லை.

"எந்தச் சளி?"

"உங்க சளிதான் மாமா. என்னோடதையா கேப்பேன்?"

அது எப்படி என் வாயில் வந்ததோ. மாமா சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலானது. டிஷ்யூவை நீட்டினேன். துப்பியதை மடித்து மறைக்காமல் என் பக்கம் காட்டினார்.

"நீயே பாரும்மா. என் கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாத்தான் தெரியுது."

மஞ்சள்தான். தாளில் இருந்தபடி மாத்திரை கொடுத்தேன். மூச்சிரைப்புக்கான நீலப் பம்ப்பைப் பிளாஸ்டிக் குழாயில் மாட்டி மருந்தை இழுக்கச் சொன்னேன். கிளினிக்குக்குப் போன் செய்ததும் உடனே கூட்டிவரச் சொன்னார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, நல்ல நேரத்தில் வந்தீர்கள், வார்டு வேண்டாம் என்றார். நான் அங்கே மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பின்பக்கம் துணி காயப்போடும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் கேட்கும்படி குளியலறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"வெள்ளையாயிடுச்சும்மா."

நிமிர முடியவில்லை. கீரையைப் பார்த்தபடியே, "சரிங்க மாமா" என்றேன்.