சிமெண்ட் வராத வருஷத்துப் பங்களா

உளுந்தூர்பேட்டை கூட்டுரோட்டில் முதன்முதலாக மூன்று மாடி எழுப்பிய லாட்ஜ் நான் கட்டியது. சின்னசேலத்துக் கல்யாண மண்டபம் நான் கட்டியது. அந்த அகலத்துக்கு நாலு தூண் தாங்காது என்று படித்த இஞ்சினியர் ஒருவர் சொன்னார். அதற்குள் இதுவரை எத்தனை தாலி ஏறியிருக்கிறது என்று அவரையே போய் எண்ணச் சொல்லுங்கள். கச்சிராயபாளையம் பக்கத்தில், கரும்புக் காட்டுக்கு நடுவில், கடப்பாரை போட்டால் தண்ணீர் ஊறுகிற களிமண்ணில் ஒரு பள்ளிக்கூடம் எழுப்பினேன். இன்றைக்கும் ஒரு கீறல் கிடையாது. நைனார்பாளையத்தில் என் சொந்த வீட்டை, கடன் கேட்டு ஒரு வாசலும் ஏறாமல் கட்டினேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால். அப்பா அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். சுவர் நேர் பார்க்கிற தூக்குக்குண்டை யாரும் என் கையில் கொடுக்கவில்லை. சித்தாளாகக் கல் சுமந்து, பார்த்துப் பார்த்து, நானே எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவும் கட்டியவனுக்கு ஒரே ஒரு கட்டடத்தில் மட்டும் பங்கு இல்லை என்கிறார்கள். அது கல்வராயன் மலைமேல் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதில் யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. என் பெயரையும் சொல்ல மாட்டேன். அதை எழுத வேண்டிய இடம் வேறே.

அந்த வருஷங்களை எங்கள் பக்கத்தில் மறியல் காலம் என்போம். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கு உரிய பங்கை ஒதுக்கு என்று கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. என்னையும் வந்து உட்காரக் கூப்பிட்டார்கள். ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு எந்த ஆபீஸில் நாற்காலி ஒதுக்குவார்கள், எனக்கு மலைமேல் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேலை கொடுத்தவர் கள்ளக்குறிச்சியில் ரைஸ்மில் வைத்திருந்தவர். ஆபீசர்களை அழைத்து வந்து கறியும் சோறும் போட மலையில் அவருக்கு ஒரு பங்களா வேண்டும். வழவழவென்று சிமெண்ட் பூசி, கான்கிரீட் தளம் போட்டு, டவுனில் இருப்பது போலவே இருக்க வேண்டும் என்றார். செங்கல்லை முன்னாலேயே மலைக்கு ஏற்றிவிட்டேன். சுவர் இடுப்பளவு வந்தது. அப்போதுதான் மறியல் பிடித்தது. என் சிமெண்ட் லாரி உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் வரிசையில் மாட்டிக்கொண்டது. மழை பெய்தது. தார்ப்பாய் ஓட்டை. சைக்கிளை வரப்புமேல் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால், மூட்டைகள் எல்லாம் கல்லாகிக் கிடந்தன. அதற்குப் பிறகு எந்த லாரிக்காரனும் இந்தப் பக்கம் வண்டி விடப் பயந்தான்.

ஐப்பசி வந்துகொண்டிருந்தது. மலை மழை சும்மா பெய்யாது. கூரை இல்லாத சுவரைக் கரைத்துத்தான் விடும். வேலையைப் போட்டுவிட்டு இறங்கியிருந்தால், மலையில் கட்டத் தெரியாதவன் என்ற பெயரோடு நான் மறுபடியும் கல் சுமக்கப் போயிருக்க வேண்டும்.

சின்ன வயதில் ஒரு கோயில் மதில் திருப்பணியில் நான் சித்தாள். அங்கே பார்த்தது நினைவுக்கு வந்தது. எங்கள் காடுகளில் உழவுக்குத் தொல்லையான சுக்கான்கல்லைப் பொறுக்கி வரப்போரம் குவித்து வைத்திருப்பார்கள். சுட்டால் அதுதான் சுண்ணாம்பு. மாட்டுவண்டிக்கு மறியல் கிடையாது. அடிவாரத்தில் சூளை போட்டேன். கடுக்காய்க்கு மலையில் பஞ்சமில்லை. கச்சிராயபாளையத்தில் காய்ச்சிய வெல்லம் சந்தைக்குப் போக வழியில்லாமல் தேங்கிக் கிடந்தது. கம்மி விலைக்கு வாரிக்கொண்டு வந்தேன். கடுக்காயை ஊறப்போட்ட தண்ணீரும் வெல்லமும் ஊற்றி, மலைக்காரப் பெண்கள் உலக்கையால் சுண்ணாம்பை வெண்ணெய் போல இடித்துக் கொடுத்தார்கள். சுண்ணாம்புச் சுவர் மெல்லியதாக நிற்காது, ஆகவே இடுப்பளவு நின்ற சுவரையும் அணைத்து இரண்டு அடி தடிமன் வைத்தேன். கம்பி இல்லாமல் ஜன்னலுக்கு மேலே நேராக லிண்டல் வைக்க முடியாது, ஆகவே செங்கல்லை வளைத்து ஆர்ச் கட்டினேன். தளம் போட வழியில்லை, நாட்டு ஓடு வேய்ந்தேன். எதையும் அழகுக்காகச் செய்யவில்லை.

முன்பக்கம் ஏழு ஜன்னல். ஆறுக்கு ஆர்ச் முடிந்து ஏழாவதுக்குச் சாரம் கட்டிய சமயம், வெட்டிய மரங்களை அப்புறப்படுத்தினார்கள். முதல் லாரி வந்தது. கொஞ்சம் சிமெண்ட், கொஞ்சம் முறுக்குக் கம்பி. மில்காரரும் அதே லாரியில் ஏறி வந்தார். இறங்கி நின்று பார்த்தவருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

“நான் கேட்டது இன்னா, நீ கட்டி வெச்சிருக்கறது இன்னா? ஆபீசருங்கள இட்டுனு வந்தா, ஜெயிலுக்கா இட்டாந்தேன்னு கேப்பாங்கய்யா.”

“மழைக்கு நிக்குதா இல்லியான்னு பாருங்க மொதலாளி. அழகெல்லாம் அப்பறம்.”

மீதி இருக்கிற அந்த ஒரு ஜன்னலையாவது மனுஷன் வீடு மாதிரி நேராகப் போடு என்றார். கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி நேராகப் போட்டேன். அதனால்தான் ஆறு ஜன்னல் வளைவாகவும் ஒன்று மட்டும் நேராகவும் இருக்கிறது. மறியல் எந்த இடத்தில் முடிந்தது என்பதை அந்தச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மழை பெய்தது. கட்டடம் நின்றது. மில்காரர் ஓர் ஆபீசரைக்கூட அங்கே அழைத்துப் போகவில்லை. மரவள்ளிக் கிழங்கு மூட்டை அடுக்கி வைத்தார். ஊரில் என்னைக் கண்டவரிடமெல்லாம், மலையில் ஜெயில் கட்டியவன் இவன்தான் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அடுத்த வேலைகள் அதைவிடப் பெரியதாக வந்ததால் அந்தப் பங்களாவை மறந்தே போனேன்.

போன வருஷம் என் மருமகள் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவள் பேங்கில் வேலை பார்ப்பவள், விவரமானவள். “மாமா, இது நீங்க கட்டுன ஜெயிலுதான?” என்றாள். அதேதான். மில்காரர் மகன் பெங்களூர்க்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறான். அவர்கள் மரவள்ளி மூட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, கட்டில் போட்டு, பாரம்பரிய மாளிகை, இயற்கையின் மடியில் அனுபவத் தங்கல் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஒரு ராத்திரி தங்குவதற்கு வாங்குகிற காசைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் வேட்டைக்கு வந்து தங்கக் கட்டியது என்று போட்டிருந்ததைப் படித்துக் காட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டுப் போனோம். கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில், கலெக்டர் கட்டியது என்று ஒரு கல்லே வெட்டிப் பதித்திருந்தார்கள். கேட்டில் மண்குவளையில் சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். வந்திருந்தவர்கள் எல்லாம் நல்ல வசதிக்காரர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடப்பதற்கு அவர்களுக்கென்று ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நான் செருப்பு வாங்க வழியில்லாமல் இதே மண்ணில் நடந்தவன். அப்போது யாரும் பக்கத்தில் நின்று, ஆழமாக மூச்சு இழுங்கள் என்று சொல்லவில்லை. ஒரு அம்மாள் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் சேந்தினாள், நாலு பேர் படம் எடுத்தார்கள். பக்கத்திலேயே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இலையில் சாமைச் சோறு வந்தது. நெல்லு சோறு கிடைக்காத வீட்டில் பொங்குகிற சோறு என்று நாங்கள் ஒதுக்கியது. அதைத் துளியூண்டு வைத்து, ஆதி தானியம் என்று விளக்கம் வேறே. இன்னொரு கரண்டி கேட்டேன். அதற்குத் தனிக் காசாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு கட்டடத்தைச் சுற்றிக் காட்ட ஒரு பையன் வந்தான், முப்பது வயதிருக்கும். மலைக்காரன்தான். தடித்த சுவரைத் தட்டிக் காட்டி, கோடையின் வெப்பம் தெரியாதபடி கலெக்டர் யோசித்துக் கட்டினார் என்றான். ஆர்ச்சுகள் அவர் ஊர் மாதா கோயிலைப் பார்த்து வைத்தவையாம். ஏழாவது ஜன்னலுக்கு வந்தோம். கலெக்டரின் மனைவி மலையின் உச்சியை முழுசாகப் பார்க்க ஆசைப்பட்டாராம், ஆகவே அது மட்டும் நேராக வைக்கப்பட்டதாம். கூட்டம் ஆகா என்றது. என் மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் நகர்ந்ததும் அவனை நிறுத்தினேன். தம்பி, இதைக் கட்டியவன் நான் என்றேன். அவன் திடுக்கிடவே இல்லை. சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னான்.

“தெரியும் பெரியவரே. எங்கம்மாதான் இதுக்கு சுண்ணாம்பு இடிச்சது. கையி வெந்து போன கதைய இன்னும் சொல்லிக்கினு இருக்கும். இவங்க இப்டி சொல்லச் சொல்றாங்க, சொல்றேன். சம்பளம் குடுக்கறது கலெக்டர் இல்லியே.”

மேனேஜரிடம் போனேன். சின்னப் பெண். உட்காரச் சொன்னாள், மரியாதைக்குக் குறைவில்லை. ஏழாவது ஜன்னலுக்கு மேலே பூச்சைக் கொத்திப் பாரும்மா, முறுக்குக் கம்பி இருக்கும், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எந்தக் கலெக்டர் முறுக்குக் கம்பி கட்டினான் என்று கேட்டேன். அவளும் திடுக்கிடவில்லை.

“எங்க ஆர்க்கிடெக்ட் வந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க சார். ஆனா இங்க வர்றவங்களுக்கு ஒரு கதை வேணும். மறியல்ல சிமெண்ட் வரலன்னு சொன்னா யாரு சார் தங்குவாங்க?”

பிறகு அவளே ஒரு யோசனை சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் தலைப்பாகை கட்டி, நெருப்பு மூட்டிய இடத்தில் நான் வந்து உட்கார வேண்டும். என் பாட்டன் பூட்டன் அந்தக் கலெக்டரிடம் கொத்து வேலை செய்தார்கள் என்று பழைய கதை போலச் சொல்ல வேண்டும். சாப்பாடு போட்டு, வண்டி வைத்து அனுப்புவார்களாம். நான் கட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்து, இதை நான் கட்டவில்லை என்று சொல்வதற்குச் சாமைச் சோறு.

“தலைப்பா கட்டிக்கினு பொய் சொல்ல வேற ஆள பாரும்மா. எனக்கு வூட்ல நெல்லு சோறு இருக்குது” என்று எழுந்துவிட்டேன்.

இறங்கி வரும்போது, கொண்டை ஊசி வளைவில் காரை ஒடித்துக்கொண்டே மருமகள் சொன்னாள்: “வெள்ளக்காரனுக்கு ஒதுக்கீடு குடுத்துட்டாங்க மாமா. உங்களுக்குத்தான் இல்ல.” அவள் சிரிப்புக்குத்தான் சொன்னாள். அன்றைக்கு அது என்னைப் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை.

ரோட்டில் உட்கார்ந்தவர்கள் கேட்டதும் பங்குதான். எனக்கு அன்றைக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை, கட்டுவதற்குத்தான் இருந்தது. இப்போது கேட்பதற்கு இருக்கிறது. எனக்கு அவர்கள் காசு வேண்டாம். ஆர்ச்சைப் பார்த்து ஆகா என்கிறவர்கள் என்னைப் பார்த்து ஆகா சொல்லவும் வேண்டாம். மில்காரர் ஜெயில் என்றார், அப்போது அது என் கட்டடமாக இருந்தது. இவர்கள் மாளிகை என்கிறார்கள், உடனே அது எவனோ கலெக்டருடையதாகிவிட்டது. திட்டு என்னுடையது, புகழ் அவனுடையது என்றால் என்ன நியாயம்? மலைக்காரர்கள் இடித்தார்கள், சுமந்தார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பங்கை அவர்கள் கேட்கட்டும், சாட்சிக்கு நான் வருகிறேன். நான் என் பங்கைக் கேட்கிறேன்.

கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பதித்திருக்கிற அந்தக் கலெக்டர் கல்லைப் பெயர்த்து எடுக்க வேண்டும். அதே இடத்தில், மறியல் காலத்தில், சிமெண்டும் கம்பியும் இல்லாமல் இதைக் கட்டியவர் நைனார்பாளையத்து மேஸ்திரி என்று வெட்ட வேண்டும். அதற்குக் கீழே என் பெயர். கல் வாங்கக் காசில்லை என்றால் நான் தருகிறேன். வெட்டவும் பதிக்கவும் ஆள் வேண்டுமென்றால் அதற்கும் நானே வருகிறேன்.