பச்சையாய்ப் பூத்த நித்தியகல்யாணி

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் எந்த வீட்டு வாசலில் எந்தச் செடிக்கு இலை சுருண்டிருக்கிறது என்றுதான் கண் போகும். செடிகளின் நோயையும் மரபணுவையும் ஆராய்கிற வேலைக்கு வந்ததிலிருந்து இந்தப் புத்தி. பூந்தமல்லிப் பக்கம் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க நித்தியகல்யாணியோடு மல்லுக்கட்டிவிட்டு சேக்காட்டில் நான் குடியிருக்கும் மாடிக்குத் திரும்பினால், வாசலிலும் அதே நித்தியகல்யாணி. நல்ல கூத்து.

அதை வைத்தது கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா. ரத்தத்தில் புற்றுநோய் வந்து, மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, ஒருவழியாக மீண்டு வந்தவர். ஏற்றிய மருந்துகளில் ஒன்று இந்தச் செடியிலிருந்து எடுப்பது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாசல் குழாயடியில் ஒன்றை நட்டார். சுடுகாட்டு மல்லியைப் போய் வாசலில் வைப்பார்களா என்று கேட்டவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போனார்.

ஒரு நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டுக் காட்டினார். பூவெல்லாம் பச்சை. இதழ் இருக்க வேண்டிய இடத்தில் குட்டிக் குட்டி இலைகள். ஆண்டவர் தனக்கென்று காட்டிய அடையாளம் என்றார். போட்டோ பிடித்து சர்ச் வாட்ஸப் குழுவிலும் போட்டாயிற்றாம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது அடையாளமும் இல்லை, புது ரகமும் இல்லை, சீக்கு. தத்துப்பூச்சி ஒரு செடியில் சாறு உறிஞ்சி இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும் கிருமி. வந்துவிட்டால் பிடுங்கத்தான் வேண்டும்.

எப்படிச் சொல்வது? காப்பாற்றிய செடிக்கே சீக்கு என்றால், தன் நோய் திரும்பிவிட்டதாகத்தானே எடுத்துக்கொள்வார்? நல்லாருக்குக்கா என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, அவர் பார்க்காத நேரத்தில் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு ஓடினேன். சோதித்துப் பார்த்தால் அதேதான். இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று படியில் ஏறுவதும் இறங்குவதுமாக நாளைக் கடத்தினேன். அதற்குள் பக்கத்தில் தொட்டியில் வைத்திருந்த இன்னொரு நித்தியகல்யாணியிலும் பச்சைப் பூ வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்தவரிடம் போட்டு உடைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு செடிகளையும் வேரோடு பிடுங்கிச் சாக்கில் திணித்தார். கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போய், செடி நன்றாகப் பூத்த காலத்தில் எடுத்துவைத்த விதைப் பொட்டலத்தோடு வந்தார்.

"இந்தச் சீக்கு விதைக்குப் போகுமா?"

"போகாதுக்கா. தைரியமா போடுங்க." எனக்குத் தெரிந்த விஷயம், பட்டென்று சொல்லிவிட்டேன்.

அவர் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மகளை நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப எனக்கு வந்தது அவளுக்கு வருமா?"

மரபணு மரபணு என்று பீற்றிக்கொள்கிறேனே, மனுஷ நோயைப் பற்றி எனக்கு என்ன தெரியும்! தெரியாதுக்கா என்றேன். இத்தனை நாளும் டாக்டரிடம் கேட்கவே இல்லையா என்றேன்.

"கேட்டா பதில் சொல்லிடுவாங்கல்ல."

நான் மட்டும்தான் பயந்து அலைந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நானும் வருகிறேன், சேர்ந்து கேட்போம் என்றேன். விதைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே தலையாட்டினார். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றார்.