எட்டாம் நம்பர் அறையை அழித்தவர்கள்

வலையபட்டியில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஓட்டலாக நடத்துகிறார் ராமநாதன். அங்கே வரவேற்பில் இருப்பவள் சிந்து. காளையார்கோவில் தச்சர் வீட்டுப் பெண், கம்ப்யூட்டர் பட்டதாரி. அறைப் பதிவு மென்பொருளை எழுதியவளும் அவள்தான். அதற்கு முதலாளி தந்த மரியாதை ஒரு சுழல் நாற்காலி. ஒரு பக்கம்தான் சுழலும்.

போன மாசியில் எண்சோதிடர் ஒருவர், எட்டாம் நம்பர் முதலாளிக்கு ஆகாது என்றார். அன்றே அறைக் கதவில் எட்டு போய்ப் பதினொன்று ஏறியது. கம்ப்யூட்டரிலும் எட்டை அழிக்க ராமநாதனே உட்கார்ந்தார். அது மறுத்தது.

"என்னத்தா, ஃபாரின் கீ எர்ரர்ங்குது? வெள்ளக்காரவுக சாவிய எடுத்துட்டுப் போயிட்டாகளா?"

சிந்து சிரிப்பை விழுங்கினாள். "சாவி இருக்கு சார். அறைக்கு ஒரு அட்டவணை, பதிவுக்கு ஒரு அட்டவணை; ரெண்டையும் கட்டி வைக்கறதுதான் ஃபாரின் கீ. நாலு பேரோட பதிவு எட்டாம் நம்பரப் புடிச்சுக்கிட்டு நிக்குது. மொதல்ல பதினொன்னச் சேத்து, நாலையும் அங்குட்டு மாத்தணும். அப்பறம் எட்ட அழிக்கலாம். பத்து நிமிசம் குடுங்க."

வரவேற்புப் பெண்ணிடம் பத்து நிமிடம் காத்திருப்பது கௌரவக் குறைச்சல். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கும் அக்கா மகன் அக்ஷய்க்குப் போன் போனது. அவன் அங்கிருந்தபடியே ஓட்டல் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தான்.

"மாமா, பதிவுக்கு அறை இருக்கான்னு பாக்கற அந்தச் சோதனைய நிறுத்திட்டாப் போச்சு!"

நிறுத்தினான். எட்டை அழித்தான். பதினொன்றைக் காலி அறையாகச் சேர்த்தான். போகிற போக்கில் பாஸ்வேர்டையும் மாற்றி மாமாவிடம் கொடுத்தான்.

"சார், அந்த நாலு பேரு..." என்றாள் சிந்து.

"எர்ரர்தான் போயிருச்சுல்ல? நீ கைய வைக்காத."

மூன்றாம் நாள் மதியம், பாரிஸிலிருந்து வயதான தம்பதி இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். கையிலிருந்த தாளில் எட்டாம் நம்பர். அறை அழிந்ததால் கம்ப்யூட்டர் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. பதினொன்றில் மதுரைக் கல்யாணக் கூட்டம் குடியேறியிருந்தது. மற்ற அறைகளும் நிறைந்திருந்தன. அக்ஷய் போனை எடுக்கவில்லை.

"நீயே ஏதாச்சும் சொல்லி அனுப்பிரு" என்றார் ராமநாதன்.

"அனுப்ப முடியாது சார். பாஸ்வேர்டக் குடுங்க."

கொடுத்தார். இல்லாத அறையைக் காட்டும் பதிவுகளைத் தேடினாள். நாலும் வந்து நின்றன. பின்னால் வரப்போகும் மூன்றைப் பதினொன்றுக்கு மாற்றினாள். இந்தத் தம்பதிக்கு?

"காலியா இருக்கறது ஒங்க அறை ஒன்னுதான் சார்."

முதலாளியின் படுக்கையறை பன்னிரண்டாம் நம்பராகப் பதிவேறியது. முதலாளி மூன்று நாள் ஆபீஸ் சோபாவில் படுத்தார். கால் வெளியே நீண்டது.

தம்பதி கிளம்பிய அன்றே, சோதனையை மறுபடி போட்டு, யாரும் நிறுத்த முடியாதபடி பூட்டினாள் சிந்து. முதலாளிக்குப் பார்க்கும் உரிமை மட்டும் வைத்தாள்.

"என் ஓட்டல்ல எனக்கே உரிமை இல்லையா?"

"நல்லாப் பாக்கலாம் சார். அழிக்கத்தான் முடியாது."

அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே போனார்.

சித்திரையில் அக்ஷய் வந்தான். முற்றத்தில் நின்று, தொழில்நுட்பத்தால் ஓட்டலைக் காப்பாற்றியதை முக்கால் மணி நேரம் விளக்கினான். ராமநாதன் தலையாட்டினார். சிந்து கவனிக்கவில்லை, அன்றைக்கு வந்திருந்த ஆறு பேருக்கும் அறை காட்டிக்கொண்டிருந்தாள்.