பிஸ்கட் வூட்டுப் புகைக்கூண்டு

அரும்பாவூர் போகிற பஸ்ஸில் மூக்கால் பேசுகிற கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். ஊர் வருவதற்குச் சற்று முன்னால், "பிஸ்கட் வூடெல்லாம் எந்திரிச்சு வா, பிஸ்கட் வூடேய்!" என்று இழுப்பார். அப்படி ஒரு நிறுத்தம் எந்தப் பலகையிலும் கிடையாது. அங்கே இருப்பது எங்கள் பேக்கரி மாஸ்டர் பாவாடையின் வீடு.

பெரம்பலூரில் ஜபருல்லா பாயின் பேக்கரியில் நான் கவுண்டரில், மாஸ்டர் ஓவனில். அதற்கு முன்னால் துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் பல வருஷம் வேலை பார்த்தவர். அங்கே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இஞ்சி பிஸ்கட்டாலேயே ஒரு வீடு கட்டி வாசலில் வைப்பார்களாம். சுவர் பிஸ்கட், கூரை பிஸ்கட், பூச்சு வேலைக்கு முட்டை வெள்ளையும் பொடித்த சர்க்கரையும். கூரைமேல் ஒரு புகைக்கூண்டு. அதைப் போட்டோ எடுத்து மனைவி கொளஞ்சியம்மாளுக்கு அனுப்புவார்.

அந்த அம்மா சின்ன வெங்காயக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர். ஒரு வருஷம் போட்டோவைப் பார்த்துவிட்டுக் காட்டிலிருந்தே போன் போட்டாராம். அவர் குரலிலும் தன் குரலிலுமாக மாஸ்டரே இதை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"ஏங்க, இந்த வூட்டுல யாரு குடியிருக்கா?"

"யாரும் இல்ல புள்ள. பிஸ்கட்டு. ஒடச்சுத் தின்னுடுவானுவ."

"தின்னுட்டுப் போறானுவ. நமக்கு இதே மாரி கட்டுங்க. மேல அந்தக் கூண்டோட."

"அது புகை போறதுக்குடி. நம்மகிட்டதான் கேஸ் அடுப்பு இருக்குல்ல?"

"புகை போவலன்னா வெளிச்சம் வந்துட்டுப் போவுது. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

கட்டினார்கள். சரிந்த கூரை, சிவப்பு ஓடு, ஐசிங் பிழிந்த மாதிரி ஓரமெல்லாம் வெள்ளைப் பட்டை. கூடத்துக்கு நேர் மேலே அகலமான புகைக்கூண்டு, அதன் வாயில் ஒரு கண்ணாடி. கொத்தனார் ராஜவேல் வேலையை முடித்துவிட்டு இறங்கும்போது, "அண்ணி, கூண்டு ரெடி. கோழிய எப்ப வுடப் போறீங்க?" என்றாராம். சாரல் அடித்தால் கண்ணாடியைச் சுற்றி உள்ளே ஒழுகும். கொளஞ்சியம்மாள் கீழே ஒரு குண்டானை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

பிறகு அவருக்குக் கிட்னி போனது. மாஸ்டர் துபாயை விட்டுவிட்டு வந்து எங்கள் பேக்கரியில் சேர்ந்தார். திருச்சிக்குப் போய் டயாலிசிஸ் செய்துவிட்டு வந்தால் அந்த அம்மாவுக்குக் கைகால் சில்லிட்டுப்போகும். எத்தனை போர்வை போர்த்தினாலும் அடங்காது. உச்சி வேளையில் புகைக்கூண்டு வழியாகக் கூடத்தில் சதுரமாக வெயில் விழும். அங்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார். வெயில் நகர நகரப் பாயை இழுத்துக்கொண்டே போவார். அந்த நேரம் பேக்கரிக்கு போன் வரும். மாஸ்டர் கையெல்லாம் மாவாக இருக்கும். நான்தான் ஸ்பீக்கரில் போடுவேன்.

"ஏங்க, பாதத்துக்கு வந்துடுச்சு."

"ம்."

"சுருக்குன்னு இருக்கு. நல்லா இருக்கு. நீங்க சாப்ட்டீங்களா?"

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் அந்த போன் வரும் நேரம் ஆகும்போது நான் மெல்லிய குரலை வரவழைத்து, "ஏங்க, முட்டிக்கு வந்துடுச்சு" என்பேன். மாஸ்டர் ரொட்டித் தட்டைக் காட்டி, "வாயிலயே வச்சுருவேன்" என்பார். ஆனால் சிரிப்பார்.

ஆவணியில் ஒரு நாள் அந்த போன் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் போய்ப் பார்த்தபோது பாயில் அப்படியே இருந்தாராம். வெயில் சுவருக்கு நகர்ந்து போயிருந்ததாம்.

மாஸ்டரின் ஒரே மகன் அறிவழகன் அரியலூரில் சிமென்ட் ஆலை வேலைக்குப் போகிறான். தா.பழூரில் வெற்றிச்செல்வி என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். அம்மா போய்விட்டதால் தை மாதமே கல்யாணம் என்று ஆனது. கார்த்திகையில் பெண்வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். கூடவே வாஸ்து பார்க்கிறவர் ஒருவர். மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற குரல் அவருக்கு.

"ஐயா, வூட்டுக்கு உச்சந்தலையில ஓட்டை வச்சிருக்கீங்க. ஓட்டை இருந்தா என்னாவும்? உசுரு அந்த வழியா போவும். போச்சா, இல்லையா?"

பெண்ணின் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. அத மட்டும் எடுத்துட்டீங்கன்னா எங்க புள்ளைய நிம்மதியா அனுப்புவோம்" என்றார்.

அவர்கள் போன பிறகு மாஸ்டர் மகனைக் கேட்டிருக்கிறார். "அவங்க பயப்படுறாங்க, சரி. நீயும் பயப்படுறியாடா?"

அறிவழகன் செருப்பைப் பார்த்தபடியே சொன்னானாம். "அதுக்குக் கீழதானப்பா அம்மா போச்சு."

மறுநாள் மாஸ்டர் வேலைக்கு வந்தார். சுக்கும் பட்டையும் இடித்துக்கொண்டிருந்தவர் உலக்கையை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார். "ஏன்டா, வெளிச்சம் ஆளக் கொல்லுமா?"

"கரண்டு கொல்லும் மாஸ்டர். வெளிச்சம் என்ன பண்ணும்?"

அவர் சிரிக்கவில்லை. "எடுத்தன்னா நான் கட்டுன வூடுதான் அவளக் கொன்னுச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாரி. எடுக்கலன்னா பய கல்யாணம் நின்னுபோயிடும். அவ இருந்தா என்னா சொல்லுவா?"

எனக்கு அந்தக் குரல் வரும். அப்போது வரவில்லை.

இரண்டு நாள் கழித்து லீவு போட்டார். ராஜவேலைக் கூப்பிட்டுக்கொண்டு, தானே கூரை ஏறி, புகைக்கூண்டை இடித்து, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு மூடினார். அறிவழகன் கூடத்துக்குப் பெரிய எல்இடி லைட் வாங்கி மாட்டினான். பெண்வீட்டாரிடமிருந்து பழத்தட்டு வந்தது.

"முடிஞ்சுதா மாஸ்டர்?" என்றேன்.

"முடிஞ்சுது. ஒழுகுறதும் நின்னுபோச்சு." கொஞ்ச நேரம் மாவைப் பிசைந்தார். "அவ பாயப் போட்டுப் படுத்த எடந்தான் எதுன்னு தெரியல. லைட்டு எல்லாப் பக்கமும் ஒரே மாரி அடிக்குது."

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாஸ்டர் எங்கள் கடை ஷோகேஸுக்கும் ஒரு பிஸ்கட் வீடு கட்டுவார். டிசம்பர் பாதியில் முதலாளி ஜபருல்லா பாய் வந்து உள்ளே தலையை நீட்டினார். அவர் கேட்கும்போதே பாதி கெஞ்சல் இருக்கும். "என்னாங்க மாஸ்டர், இன்ஷா அல்லாஹ் பிஸ்கட் வூடு எப்ப? ஸ்கூல் புள்ளைங்க கண்ணாடில மூக்க அழுத்திப் பாத்துட்டுப் போவுதுங்க. மனசு சரியில்லன்னா வுடுங்க, நான் ஒண்ணும் சொல்லல."

"போட்டுருவோம் பாய்."

மழை ஈரத்தில் பிஸ்கட் நமுத்துப்போகும். இரண்டு தடவை சுவர் வளைந்து, மூன்றாம் தடவைதான் நின்றது. வருஷா வருஷம் புகைக்கூண்டு சும்மா மேலே ஒட்டுகிற கட்டிதான். இந்தத் தடவை கூரை மாவை வெட்டும்போதே நடுவில் சதுரமாக ஓட்டை போட்டார். அதன்மேல் நாலு துண்டை நிறுத்தி, உள்ளே காலியாக விட்டு, காகிதக் கோனால் சர்க்கரை ஐசிங் பிழிந்து ஒட்டினார். எறும்பு வராமல் மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தோம்.

கடை தெற்குப் பார்த்தது. ஷோகேஸில் வைத்த பிறகு வீட்டை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் வாசல் கடைக்கு உள்ளே பார்த்து நின்றது.

பாய் பதறினார். "மாஸ்டர், ரோட்டுல போற சனம் வூட்டு முதுகையா பாக்கும்?"

"இப்புடி வச்சாத்தான் வெயிலு வாசப் பக்கம் வுழுவுது, பாய்."

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் கல்லாவுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. உச்சி வேளை, கடையில் கூட்டமில்லை. மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளிருந்து வந்து, ஷோகேஸ் முன்னால் குந்தி, பிஸ்கட் வாசல் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை.

"என்ன மாஸ்டர், வாடகைக்கு ஆளு வந்துட்டாங்களா?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி என்னை அடக்கினார்.

"சத்தம் போடாத. இப்பதான் பாதத்துக்கு வந்துருக்கு."